மூச்சு மிஸ்

வகுப்பறை வாசலில் நின்று, குளத்தில் முங்கப் போகிறவரைப் போல ஒரு பெரிய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டுதான் அண்ணி உள்ளே நுழைவார். கன்னங்கள் இரண்டும் உப்பியிருக்கும். கண்ணாடிக்குள் விழிகள் உருண்டு நிற்கும். சுவரில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பெட்டியின் முன் போய் நின்று, அதில் ஓடும் எண்ணைப் பார்த்துவிட்டு, வந்த வழியே விறுவிறுவென்று திரும்பி, தாழ்வாரத்துக்கு வந்து "ப்ஹூ" என்று விடுவார். அதன் பிறகுதான் ஆசிரியருக்கு வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். ஒரு தலைமை ஆசிரியர் மிகுந்த அக்கறையோடு, "மேடத்துக்குப் பல்வலியா? உட்காருங்க, வெந்நீர் கொண்டுவரச் சொல்றேன்" என்றார். இன்னொருவர் அண்ணி கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கழிப்பறை ஏன் பூட்டியிருக்கிறது என்று யாரும் கேட்காமலேயே விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். அண்ணியால் பதில் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் அடக்கி வைத்த காற்றெல்லாம் வீணாகிவிடும்.

வகுப்பறைகளில் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று எப்படியிருக்கிறது என்று பார்ப்பது அண்ணியின் உத்தியோகம். கல்வி அலுவலகத்தில் இதற்கென்று ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு அண்ணி. நாம் விடும் மூச்சில் இருக்கிற கரியமில வாயு அறைக்குள் எவ்வளவு தேங்கிக் கிடக்கிறது என்பதை அந்த வெள்ளைப் பெட்டி காட்டும். பச்சை விளக்கு எரிந்தால் நல்லது. மஞ்சள் எரிந்தால் ஜன்னலைத் திறக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் எல்லோரும் எழுந்து வெளியே போய், அறை ஆறும்வரை நிற்க வேண்டும். இந்த விதிகளைப் பெட்டிக்குக் கீழேயே அச்சடித்து ஒட்டியிருப்பார்கள்.

பெட்டிக்கு நேராக யாராவது மூச்சுவிட்டால் எண் எகிறிவிடும். அதற்காகத்தான் இந்த மூச்சடக்கல். "நான் விட்ட மூச்சை நானே அளந்துட்டு வர்றதுக்கு எதுக்குத் தம்பி எனக்குச் சம்பளம்?" என்பார். கண்ணாடி மங்கினால்கூட உள்ளே வைத்துத் துடைக்க மாட்டார். வெளியே வந்து, தூணுக்குப் பின்னால் போய், கண்ணாடியில் "ஹா" என்று மூச்சுவிட்டு, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, மறுபடி மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போவார். பக்கத்தில் நின்ற அலுவலக உதவியாளர் ஒருமுறை தும்மிவிட்டார் என்று அன்றைய அளவையே ரத்து செய்துவிட்டு வந்தவர் அவர். பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மூச்சு மிஸ்.

வீட்டில் வேறு பெயர். என் அம்மா தன் மருமகளை ஜன்னல் என்றுதான் சொல்வார். "ஜன்னல் வந்தாச்சா, சாப்பிடலாமா?" என்று கேட்பார், அண்ணி காதில் விழும்படியாகவே. காரணம் இல்லாமல் இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் அண்ணி செருப்பைக் கழற்றிய கையோடு ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் உட்காருவார். பேருந்தில் அடுத்தவர் ஜன்னலையும் திறப்பார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் திறந்தது மட்டும் சற்று அதிகம் என்று எனக்கே தோன்றியது. ஆனால் அழுதுகொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் தெளிந்து உட்கார்ந்து காபி கேட்டார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணனோ சளிக்குப் பிறந்தவன். கோடையிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றுகிற ஜாதி. படுக்கையறை ஜன்னலை அவன் சாத்துவதும் இவர் திறப்பதுமாகக் கல்யாணமான நாளிலிருந்து போர் நடக்கிறது. ஒருநாள் அண்ணி அலுவலகத்திலிருந்து பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்கு மேலே மாட்டிவிட்டார். விடிந்ததும் அண்ணனை எழுப்பி, எரியும் சிவப்பைக் காட்டி, "பாருங்க. நீங்க ஒருத்தரே ஒரு வகுப்புக்கு மூச்சு விடறீங்க" என்றார். அன்று முதல் அண்ணன் பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் படுக்கிறான்.

பொய் என்றால் அண்ணிக்கு வராது. வராது என்றால், நல்ல குணம் என்ற அர்த்தத்தில் மட்டும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தபோது, "அப்பா ஜாடைதானே?" என்று எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு, "இல்லையே" என்றார். நாங்கள் அவரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அண்ணியின் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் படுத்துக்கொண்ட வாரம், என் வண்டியில்தான் பள்ளி பள்ளியாகப் போனார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனதில் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த வேலையில் காற்றை அளப்பது சுலபம், பெட்டியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். முதல் பள்ளியில் விளக்கு எப்போதும் பச்சை. அதற்காகப் பாராட்டுச் சான்றிதழ்கூட வாங்கியிருந்தார்கள். போய்ப் பார்த்தால், பெட்டி வந்தபோது சுற்றியிருந்த பாலித்தீன் உறையைப் பிரிக்கவே இல்லை. "தூசு படக் கூடாதுன்னு அப்படியே வச்சிருக்கோம் மேடம்" என்றார் தலைமை ஆசிரியர் பெருமையாக. அடுத்த பள்ளியில் சுவரில் ஆணிதான் இருந்தது. பெட்டியைக் கேட்டதும் சாவிக்கொத்தோடு ஒருவர் ஓடினார். பசங்கள் உடைத்துவிடுவார்கள் என்று இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். உள்ளே சமர்த்தாகப் பச்சை எரிந்துகொண்டிருந்தது.

அண்ணி உள்ளே எட்டிப் பார்த்து, "பீரோ ரொம்ப ஆரோக்கியமா இருக்கு. பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

மூன்றாவது பள்ளியில்தான் வினை காத்திருந்தது. அங்கே மாடியில், ஏழாம் வகுப்பு ஆ பிரிவில், தினமும் கணக்குப் பாடம் தொடங்கிச் சற்று நேரத்துக்கெல்லாம் பெட்டி சிவந்துவிடுகிறது. பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு, விதிப்படி, வரிசையாக, ஒழுக்கமாக விளையாட்டுத் திடலுக்குப் போய்விடுகிறார்கள். இரு, சிவப்பு பச்சையாகட்டும் என்று காத்திருந்தால் மணியடித்துவிடுகிறது. கணக்குப் பரீட்சை நெருங்குகிறது. பெட்டி பழுது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று பள்ளியின் தாளாளர் அண்ணியின் அலுவலகத்துக்கு எழுதியிருந்தார்.

தாளாளரைப் பற்றியும் அந்த ஜன்னல்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் அவர் கீழே வாசலில் நின்று விருந்தினர் ஒருவரை வரவேற்றுக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து ஒரு காகித ராக்கெட் வந்து அவர் தலையில் இறங்கியது. தலையில் முடி இருந்திருந்தால் அது வந்ததே தெரிந்திருக்காது. விருந்தினர் எடுத்துப் பிரித்துப் பார்த்ததில் அது ஒரு கணக்குப் பரீட்சைத் தாள், நூற்றுக்கு ஒன்பது. அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு அந்த வகுப்பின் அத்தனை ஜன்னல்களையும் ஸ்குரூ போட்டு முடுக்கச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவை திறக்கவில்லை.

கணக்கு ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் நொந்துபோயிருந்தார். அவர் பாடம் எடுத்தால் வகுப்பு கொட்டாவி விடும். சிலர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலைவலி என்பார்கள். தன்னால்தான் என்று நினைத்து நடுநடுவே நகைச்சுவைத் துணுக்குகள் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதற்கு இன்னும் நான்கு பேர் தூங்கியிருக்கிறார்கள். அண்ணி தாழ்வாரத்தில் நின்று பெட்டியைப் பற்றி விளக்கியதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப என் பாடத்துக்குத் தூங்கலையா மேடம்? காத்துக்குத்தான் தூங்குறாங்களா?"

அண்ணி யோசித்தார். நான் பின்னாலிருந்து பையால் இடித்தேன். பலனில்லை.

"பாதி காத்து சார்" என்றார்.

பிறகு கன்னம் உப்ப உள்ளே போனார். வழக்கமாக எண்ணைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறவர், அன்று பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சிறு துளைகளுக்கு அருகே மூக்கைக் கொண்டுபோய் மெல்ல ஒருமுறை முகர்ந்தார். வெளியே வந்து, "ப்ஹூ" என்று விட்டுவிட்டு என்னிடம், "ஆரஞ்சு மிட்டாய்" என்றார்.

"என்ன அண்ணி?"

"பெட்டி ஆரஞ்சு மிட்டாய் சாப்பிட்டிருக்கு."

மறுபடி உள்ளே போய் வகுப்பின் முன்னால் நின்றார். இந்தமுறை மூச்சை அடக்கவில்லை. "இங்க யாருக்கெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் பிடிக்கும்?" என்று பாசமாகக் கேட்டார். வகுப்பு முழுவதும் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டது. அதுவே போதுமான பதில். அண்ணியும் விடாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், பெட்டிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள். எழுந்தாள், எழுந்தாள், எழுந்துகொண்டே இருந்தாள். அவ்வளவு உயரம். வகுப்பில் அவளை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிறார்கள். பெட்டியின் துளைகள் சரியாக அவள் வாய்க்கு நேரே இருந்தன.

"நீதான் ஊதினியா?"

"ஆமா மிஸ்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை லீவு மிஸ்."

கணக்கு ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. அண்ணி சிரிக்கவில்லை. அவருடைய வேலையிலேயே இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"ஊதினா பெட்டி பொய் சொல்லும். பொய் சொல்ற பெட்டிய யாரு நம்புவா?"

அந்தப் பெண் பெட்டியின் கீழே ஒட்டியிருந்த விதித்தாளைக் காட்டினாள். "நாங்க முதல்ல ஊதல மிஸ். அதுவாவே தினமும் மஞ்சள் வரும். மஞ்சள் வந்தா ஜன்னலத் திறக்கணும்னு போட்டிருக்கு. ஜன்னல்ல ஸ்குரூ இருக்கு. சார்கிட்ட சொன்னோம், சார் பெரிய சார்கிட்ட சொன்னாங்க. மஞ்சள்தானே, சிவப்பு வந்தா பார்க்கலாம்னு சொல்லிட்டாங்களாம். அதுவா சிவப்புக்குப் போறதுக்குள்ள மணியடிச்சுக் கதவு திறந்துடுது மிஸ். அதான் நான் கொஞ்சம் உதவி பண்ணேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சாத்திய அந்த அறைக்குள் அப்போதுதான் நானும் சரியாக மூச்சுவிட்டுப் பார்த்தேன். நேற்றுப் போர்த்திய போர்வைக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. தினமும் இதற்குள் உட்கார்ந்து பின்னம் படிக்கிற பிள்ளைகளை நினைத்தால் பாவமாகவும், ஒரு ராக்கெட்டுக்காக இத்தனை ஜன்னல்களை அடைத்த அந்த மனிதரை நினைத்தால் எரிச்சலாகவும் இருந்தது. அண்ணி ஜன்னலருகே போய் ஒரு ஸ்குரூவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

தாளாளர் அறையில் அண்ணி வழக்கம்போலத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். பெட்டி நன்றாக இருக்கிறது, சிவப்பு மட்டும் பிள்ளைகள் ஊதி வரவழைத்தது, யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் மஞ்சள் நிஜம், மஞ்சளுக்கே ஜன்னலைத் திறந்தாக வேண்டும் என்றும் சொன்னார். பின்பாதி தாளாளர் காதில் விழவே இல்லை.

"ஊதுறாங்களா? நான்தான் சொன்னேனே!" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மஞ்சளுக்கெல்லாம் பயந்தா பள்ளிக்கூடம் நடத்த முடியுமா மேடம்? சரி, நான் ஒண்ணு சொல்றேன். நாளைக்குக் கணக்குப் பாடம் முழுக்க நானே அந்த வகுப்புல உட்கார்றேன். ஒரு பிள்ளையும் பெட்டிகிட்ட போகக் கூடாது. நிஜமாவே சிவப்பு வந்தா, என் கையாலேயே ஸ்குரூவைக் கழட்டறேன். வரலைன்னா பெட்டியையும் எடுத்துட்டுப் போயிடுங்க, ஜன்னல் பேச்சையும் இதோட விட்டுடுங்க. என்ன சொல்றீங்க?"

அண்ணி சரி என்றுவிட்டார். வண்டியில் வரும்போது, "வருமா அண்ணி?" என்று கேட்டேன்.

"மஞ்சளோட விளிம்புல வந்து நிக்கும் தம்பி. தாண்டறதுக்குள்ள மணியடிச்சிடும்" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்" என்றார். அன்றிரவு அண்ணன் ஜன்னலைச் சாத்தியதுகூட அவர் கண்ணில் படவில்லை.

மறுநாள் தாளாளர் சொன்னபடி வந்தார். சட்டைப் பையில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு ஸ்குரூடிரைவர். கடைசி வரிசைப் பிள்ளைகளை முன்னால் நகர்த்திவிட்டு, பெட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்துகொண்டார். ஒட்டடைக்குச்சியை முதல் வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குக் கரும்பலகை தெரியவில்லை. யாரும் அதைப் பற்றிக் குறை சொல்லவும் இல்லை. கதவைச் சாத்தினார்கள். அண்ணியும் நானும் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

கணக்கு ஆசிரியர் ஒரு பெட்டியின் கன அளவு எவ்வளவு என்று தொடங்கினார். பச்சை போய் மஞ்சள் வந்தது. முதல் கொட்டாவி மூன்றாம் வரிசையில் புறப்பட்டு வகுப்பைச் சுற்றி வந்தது. கடைசியில் தாளாளரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கையால் மறைத்துக்கொண்டு விட்டார். மறுபடி விட்டார். மூன்றாவதை மறைக்கவும் மறந்துபோனார். தலை ஒருமுறை முன்னால் சாய்ந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தது. அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று எனக்குக் கத்தத் தோன்றியது. தாளாளரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்கு ஆசிரியரைத்தான் முறைத்தார். அந்தப் பாவப்பட்ட மனிதர் பயத்தில் ஒரு துணுக்கு சொன்னார். நிலைமை இன்னும் மோசமாயிற்று.

பெட்டியில் எண் ஏறிக்கொண்டிருந்தது. நிதானமாக, யாருக்கும் பாரபட்சம் காட்டாமல், அண்ணி சொன்னபடியே மஞ்சளின் விளிம்புக்கு வந்தது. பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டுத் திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்கள். ஒட்டடைக்குச்சி இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தன்மேல் பழி வந்துவிடக் கூடாதே என்று.

தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "மணியடிக்கப் போகுது மேடம். நீங்களே கிட்டப் போய் ஒருதடவை பார்த்துச் சொல்லிடுங்க. அப்புறம் நான் ஏதோ ஏமாத்திட்டேன்னு யாரும் பேசக் கூடாது பாருங்க." ஸ்குரூடிரைவரைச் சட்டைப் பையின் அடிவரை அழுத்திக்கொண்டார்.

அண்ணி கதவைத் திறக்காமல், அதன் இடுக்கில் முகத்தை வைத்து வெளிக்காற்றை ஒரு பெரிய மூச்சாக இழுத்தார். கன்னங்கள் உப்பின. வகுப்பின் குறுக்கே நடந்து போய்ப் பெட்டியின் முன் நின்றார். எண்ணைப் பார்த்தார். மஞ்சள். வகுப்பு முழுவதும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி வருவார், வாசலுக்கு வந்து "ப்ஹூ" என்று விடுவார், மஞ்சள் என்று உள்ளதை உள்ளபடி சொல்வார், கதை முடிந்தது என்று நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அண்ணி திரும்பவில்லை. நின்ற இடத்திலேயே கண்ணாடியைக் கழற்றினார். அதைப் பெட்டியின் துளைகளுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "ஹா" என்றார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திருப்தியில்லை போலிருக்கிறது. அடுத்த கண்ணுக்கும் ஒரு "ஹா", அடிவயிற்றிலிருந்து, நன்றாக நீளமாக. கைக்குட்டையை எடுத்து, அவசரமே இல்லாமல், ஓரமெல்லாம் விடாமல் துடைத்தார். பெட்டிக்கு யோசிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

முதல் வரிசையில் ஒட்டடைக்குச்சியின் கைகள் வாயிலிருந்து மெல்ல இறங்கின.

மணியடிப்பதற்கு முன்பே பெட்டி சிவந்தது. அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எண்ணை ஒருமுறை அக்கறையாகப் பார்த்துவிட்டு, தாளாளருக்கு ஜன்னலைக் காட்டி, அவர் போவதற்கு வசதியாக ஒதுங்கி நின்றார்.